தோளுக்கடியில் மடித்து வைக்க ஒரு கம்பளி

ப்யூர் ஊல் என்கிறான் கம்பளிக் கடைக்காரன். நூறு சதவீதம் என்கிறான். நூறு சதவீதம் என்று எவன் வாயைத் திறந்தாலும் அதில் ஒரு நூலை உருவிப் பார்க்காமல் எனக்குத் தூக்கம் வராது. உருவியும் விட்டேன். அவன் அந்தப் பக்கம் திரும்பி இன்னொரு கட்டைப் பிரிக்கும்போது, ஓரத்துக் குஞ்சத்திலிருந்து ஒரே ஒரு இழை. என் மனைவி கலாமணி பார்த்துவிட்டாள். "ஏனுங்க, வந்த எடத்துலயும் ஆரம்பிச்சுட்டீங்களா" என்றாள், உதடு மட்டும் அசைய. ஆரம்பிக்காமல் என்ன செய்வது? வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், கண்ணுக்குமா ஓய்வு கொடுத்தார்கள்? இதே கரூரில், ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் செக்கராக இருந்தே முடி நரைத்தவன் நான். அடியில் விளக்கு எரியும் கண்ணாடி மேசைமேல் துணி ஓடும், குறை எங்கே என்று என் கண் ஓடும். நல்லதைப் பார்ப்பதற்கு யாரும் சம்பளம் தரவில்லை. இவன் எந்த ஊர்க்காரனோ, சிம்லா என்று பலகையில் எழுதியிருக்கிறது, சிம்லா என்று எழுத ஒரு டப்பா பெயிண்ட் போதும். கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்துக் கண்காட்சி என்கிறார்கள். வாசலில் டெல்லி அப்பளம், அதைத் தாண்டினால் ஊறுகாய், அதைத் தாண்டினால் காது குடையும் கருவி, போன வாரம் யாரோ மாலை மாற்றிக்கொண்ட மேடைமேல் கம்பளி மலை. மேடை முகப்பில் தெர்மாகோல் எழுத்துகளைப் பிய்த்த இடத்தில் பசை இன்னும் இருக்கிறது. கரூர் வெயிலில் கம்பளி விற்க வருகிறவன் ஒன்று பைத்தியக்காரனாக இருக்க வேண்டும், அல்லது நம்மைப் பைத்தியக்காரர்கள் என்று நினைத்தவனாக இருக்க வேண்டும். "அங்கிள், தொட்டு பாரு. மெஷின் இல்லே. கைத்தறி" என்கிறான் என்னிடம். கலாமணியை அக்கா என்கிறான். எனக்கும் அவளுக்கும் நாலு வயதுதான் வித்தியாசம். அவள் அக்கா, நான் அங்கிள். இந்த ஒரு வார்த்தையிலேயே தெரியவில்லையா இவன் யாரைப் பிடித்தால் வியாபாரம் முடியும் என்று கணக்குப் போட்டுவிட்டான் என்பது. இழையை விரலில் சுற்றிக்கொண்டு, தண்ணீர் குடிக்கப் போவதுபோல் மெல்ல வெளியே வந்தேன்.

டீக்கடைக்காரரிடம் தீப்பெட்டி கேட்டால் ஏற இறங்கப் பார்க்கிறார், வாயில் பீடி இல்லை, எதற்கு என்று. நூலைக் கொளுத்தினேன். செயற்கை நூல் என்றால் உருகும், முனையில் கறுப்பு மணி மாதிரி உருண்டு நிற்கும், விரலில் பட்டால் கொப்புளம். கம்பளி உருகாது. சுருங்கிக்கொண்டே கருகும், முடி பொசுங்கிய நாற்றம் வரும், சாம்பல் தொட்டால் பொடியாகும். முகர்ந்தேன். முடிதான். பொடிந்தது. நிஜக் கம்பளி. உண்மையைச் சொன்னால் எனக்கு ஏமாற்றமாக இருந்தது. பொய் என்று தெரிந்திருந்தால் நேரே உள்ளே போய் அவன் முகத்துக்கு நேராகக் கறுப்பு மணியைக் காட்டியிருப்பேன், கலாமணி பார்த்திருப்பாள், வீட்டுக்கு வந்திருப்போம், ஞாயிற்றுக்கிழமை உருப்பட்டிருக்கும். குஞ்சத்தில் மட்டும் நல்ல நூலை வைத்துவிட்டு உள்ளே கலப்படம் பண்ணியிருப்பானோ? பண்ணுவார்கள். என்னைப்போல ஓரத்தில் உருவிப் பார்க்கிறவன் ஒருவன் வருவான் என்று தெரிந்த கெட்டிக்காரன் அப்படித்தான் பண்ணுவான். இருக்கட்டும், நடுவிலிருந்து ஒன்று உருவலாம் என்று திரும்பி மேடைப்படி ஏறினால், கலாமணியும் அவனும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஏறியதும் பேச்சு நின்றது. நின்றதா, முடிந்ததா? முடிகிற பேச்சுக்கு ஒரு வால் இருக்கும், சரி அப்புறம் என்று ஏதாவது வரும். இது நறுக்கென்று நின்றது. அதற்கு முந்தைய வார்த்தை ஒன்று மட்டும் என் காதில் விழுந்திருந்தது. டிசம்பர். நாங்கள் வாங்க வந்தது அவள் யோகா வகுப்புக்கு ஒரு கம்பளி, அதற்கும் டிசம்பருக்கும் என்ன சம்பந்தம்? யோகா என்ன பருத்தி விதைப்பா, மாதம் பார்த்துச் செய்ய? "என்ன பேசிட்டிருந்தீங்க?" என்றேன். "ஒண்ணுமில்லீங்க, துவைக்கிறது எப்படின்னு கேட்டேன்" என்றாள். துவைப்பதற்கும் டிசம்பருக்கும் சம்பந்தம் வரவைக்க நானும் முயற்சி செய்து பார்த்தேன். வரவில்லை.

யோகா வகுப்புக்கு அவள் போக ஆரம்பித்தது போன ஆடியில். பக்கத்துத் தெருவில் யசோதா டீச்சர், ஏதோ பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சராக இருந்தவர், தன் வீட்டு மாடியில் தகரம் போட்டு நடத்துகிறார். முட்டிவலி என்று போனாள். முட்டிவலி போய்விட்டது. போனபிறகும் போகிறாள், அதைத்தான் நான் கவனிக்கிறேன். காய்ச்சல் விட்டபிறகு யாராவது மாத்திரை சாப்பிடுவார்களா? அவரவர் கம்பளியை அவரவரே கொண்டுவர வேண்டும் என்று டீச்சர் சொன்னாராம், அதற்காகத்தான் இன்றைக்கு வந்தது. எதற்குக் கம்பளி என்று கேட்டேன். வீட்டில் போர்வை இல்லையா, ஏற்றுமதியில் கழித்துக் கட்டியது அலமாரி நிறைய இருக்கிறதே. பருத்தி வழுக்குமாம், நசுங்கிவிடுமாம். தோளைத் தரையில் ஊன்றிக் காலை மேலே தூக்குகிற ஆசனம் ஒன்று இருக்கிறது, சர்வாங்காசனம். அதற்குக் கம்பளியைச் சதுரமாக மடித்துத் தோளுக்கடியில் வைக்க வேண்டுமாம். தோள் கம்பளிமேல், தலை தரைமேல், கழுத்து நடுவில் பாரமில்லாமல். மடிப்பு நெகிழ்ந்தால் கழுத்துக்கு ஆபத்து. இதைக் கேட்டதும் எனக்குப் பொறுப்பு வந்துவிட்டது. கழுத்து விஷயம். நானே வருகிறேன் என்றேன். அவள் முகம் ஒரு நொடி எப்படியோ ஆனது, பிறகு "வாங்க" என்றாள். வந்ததும் வேலையை ஒழுங்காகத்தான் செய்தேன். இருக்கிற கம்பளிகளை எல்லாம் தட்டி, இழுத்து, கசக்கிவிட்டுப் பார்த்து, சாம்பல் நிறத்தில் ஒன்றை எடுத்துவைத்தேன். நெசவு நெருக்கம். மெத்து மெத்தென்று இல்லை, தட்டையாக உட்காரும். மூன்றாக மடித்தால் மூன்றாகவே நிற்கும், ஓரம் கத்தி மாதிரி. முடி உதிராது, மூக்கில் ஏறாது. யோகாவுக்கென்றே நெய்ததுபோல் இருந்தது. இவனுக்கே தன்னிடம் இப்படி ஒன்று இருப்பது தெரியாது. மடித்து அவள் கையில் கொடுத்தேன். வாங்கினாள், பார்த்தாள், "நல்லாத்தான் இருக்குது" என்றாள், நாற்காலியில் வைத்தாள். வைத்துவிட்டு அந்தக் காப்பிக்கொட்டை நிறத்துக் கம்பளியை இழுத்தாள்.

காப்பிக்கொட்டை நிறம் நல்ல தடிமன். புசுபுசு என்று இருக்கிறது. மடித்தால் இட்லி மாதிரி உப்புகிறது, கை எடுத்தால் எழும்புகிறது. தோளுக்கடியில் இதை வைத்தால் தோள் ஒரு பக்கம் போகும், கழுத்து ஒரு பக்கம் போகும். எட்டு மாதமாகப் போகிறவளுக்கு இது தெரியாதா? அவள் மடித்தே பார்க்கவில்லை. அதைத்தான் நான் சொல்ல வருகிறேன். யோகாவுக்குக் கம்பளி எடுக்கிறவள் முதலில் மடித்துத்தான் பார்ப்பாள். இவள் அதைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். கன்னத்தில் என்ன ஆசனம்? அப்புறம் உதறி விரித்துத் தோளைச் சுற்றிப் போர்த்திக்கொண்டாள், மேடையிலேயே, மின்விசிறிகூட ஓடாத மண்டபத்தில், மேலுதடு வியர்க்க வியர்க்க. குனிந்து கால் வரைக்கும் எட்டுகிறதா என்று பார்த்தாள். தலைக்கு முக்காடு இழுத்தாள். காதை மூடுகிறதா என்று பார்க்கிறாள்! நான் முப்பது வருஷம் துணி பார்த்தவன். ஒரு துணியை ஒருவர் எப்படித் தொடுகிறார் என்று பார்த்தாலே அது எங்கே போகப்போகிறது என்று சொல்லிவிடுவேன். மேசைவிரிப்பு வாங்குகிறவர்கள் நீவிப் பார்ப்பார்கள். திரை வாங்குகிறவர்கள் தூக்கிப் பிடிப்பார்கள். காதை மூடிப் பார்க்கிறவர்கள் குளிருக்கு வாங்குகிறவர்கள். எந்தக் குளிருக்கு? கரூரில் மார்கழியில்கூட நாங்கள் விசிறியை நிறுத்துவதில்லை. எங்கே இருக்கிறது இவளுக்கு மட்டும் ஒரு குளிர்? திடீரென்று வேறொன்று தோன்றியது. உடம்புக்கு ஏதாவதா? ஒருசிலருக்கு உள்ளேயிருந்து குளிரும். தைராய்டு என்பார்கள், ரத்தம் இல்லை என்பார்கள், அதற்கும் மேலே பெயர் சொல்லப் பயப்படுகிற நோய்களும் இருக்கின்றன. எனக்குத் தெரியாமல் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்திருப்பாளோ. கழுத்தைப் பார்த்தேன். வீக்கம் இல்லை. கன்னம் பளிச்சென்றிருக்கிறது. இளைத்துத்தான் இருக்கிறாள், ஆனால் இளைத்தவள் படியை இரண்டிரண்டாக ஏறுவாளா, இன்றைக்கு வாசலில் ஏறினாளே, நான் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு பின்னால் வந்தேன். நோய் இல்லை. நோய் இல்லை என்றதும் நிம்மதியாக இருந்தது. நிம்மதி ஒரு மூச்சு நேரம் இருந்தது. நோய் இல்லையென்றால் பிறகு என்ன?

போன் வருகிறது. ஒரு மாதமாக வருகிறது. வந்ததும் மாடிக்குப் போகிறாள், மாடியில் சிக்னல் நன்றாக இருக்கிறதாம், இத்தனை வருஷம் அடுக்களையில் இருந்த சிக்னல் எங்கே போனது? ஒருமுறை துணி எடுக்கிற சாக்கில் பாதிப்படி ஏறி நின்று கேட்டேன். "சரிங்க, வந்தர்றனுங்க, அவருகிட்ட இன்னும் சொல்லலீங்க" என்றாள். அவரு நான்தான். சொல்லாதது என்ன? வகுப்பில் தங்கவேல் என்று ஒருவன் வருகிறான், ரிட்டயர்டு பேங்க் ஆள், பெண்டாட்டி இல்லாதவன், வெள்ளை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு பாயைச் சுருட்டித் தோளில் மாட்டி அம்பு விடப்போகிறவன் மாதிரி நடப்பான். தெருவில் பார்த்தால் எனக்கு வணக்கம் சொல்கிறான். எதற்கு எனக்கு வணக்கம்? அவன்தான் என்று ஒருநாள் முடிவே கட்டிவிட்டேன். முடிவு கட்டியபின் சும்மா இருக்க முடியுமா, டீச்சர் வீட்டு எதிரே மருந்துக்கடை, அதற்கு மாடிப்படி உண்டு, ஏறி நின்றால் தகரக் கொட்டகை உள்ளே தெரியும். போய் நின்றேன். எல்லாரும் மல்லாந்து படுத்திருந்தார்கள், கண்ணை மூடி, கையை விரித்து. தங்கவேல் அந்தக் கோடியில் வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தான், வயிறு ஏறி இறங்கியது, இவனையா சந்தேகப்பட்டோம் என்று எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. திரும்பியிருக்கலாம். கலாமணியைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று பார்த்தேன். அவள் முகம் எனக்கு அடையாளம் தெரியவில்லை. நெற்றியில் அந்தச் சின்னச் சுருக்கம் இல்லை. அது பிறவியிலேயே இருப்பது என்று நினைத்திருந்தேன். தூங்கும்போதுகூட இருக்குமே. எதற்கும் காது கொடுக்காத முகம், யார் என்ன சொல்வார்களோ என்று காத்திருக்காத முகம். எனக்குக் கோபம் வந்தது. வீட்டில் இப்படி ஒருநாள் படுத்திருக்கிறாளா? இந்த முகத்தை எங்கே வைத்திருந்தாள்? தங்கவேலோடு அவள் சிரித்துப் பேசிக்கொண்டிருந்தால்கூட எனக்கு அத்தனை கோபம் வந்திருக்காது. இறங்கி வந்து, வந்ததற்கு ஒரு சாக்காக இருமல் மருந்து வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். இருமலே இல்லாமல் அதைக் குடித்தும் தொலைத்தேன்.

வீட்டில் அவளுக்கு என்ன குறை? அதைச் சொல்லட்டும். குடி இல்லை, சீட்டு இல்லை, கை ஓங்கியதில்லை. குறையைச் சுட்டிக் காட்டுவேன், அது என் தொழில் மட்டுமல்ல, என் குணம். குறையைச் சொல்லாவிட்டால் திருந்துவது எப்படி? கம்பெனியில் குறை இருக்கும் இடத்தில் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டுவோம், தையல் பிரிவில் அதைப் பார்த்துச் சரிசெய்வார்கள். சட்டைப்பையில் ஒரு சுருள் எப்போதும் கிடக்கும். கல்யாணமான புதிதில் ஒருநாள் ஜன்னல் கம்பியில் தூசி, வாயால் சொன்னால் மனசு கஷ்டப்படுமே என்று ஒரு அம்பு ஒட்டிவிட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் தூசியும் இல்லை, அம்பும் இல்லை. சண்டை இல்லை, சத்தம் இல்லை. இதைவிட நாகரிகமாக ஒரு புருஷன் எப்படிச் சொல்ல முடியும்? அப்புறம் அது பழக்கமாகிவிட்டது. எவர்சில்வர் டம்ளரில் ஒட்டியிருந்த சோப்புக்கறைக்கு, கோலத்தில் விட்டுப்போன புள்ளிக்கு, மடிப்பு கலைந்த வேட்டிக்கு, ஒருமுறை அவள் ஜாக்கெட் முதுகில் தையல் விட்டிருந்ததற்கு. அந்த அம்போடேயே அவள் ரேஷன் கடைக்குப் போய்விட்டு வந்தாள், ஒட்டியது எனக்கும் மறந்துவிட்டது. யாரோ எடுத்துக் கொடுத்தார்களாம். வந்து மேசைமேல் வைத்தாள். பையன்தான், பெங்களூரில் இருக்கிறானே, அவன் பன்னிரண்டாவது படிக்கும்போது அவ்வளவு சுருளையும் எடுத்துக் குப்பையில் போட்டுவிட்டு என்னை முறைத்தான். அப்புறம் வாயால்தான் சொல்கிறேன். "சரிங்க" என்பாள். சரிங்க, சரிங்க, எல்லாவற்றுக்கும் சரிங்க. முன்பெல்லாம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசுவாள், "நீங்க வந்து கூட்டுங்களேன்" என்பாள், அடுக்களைக்குள் போய்ச் சிரிப்பாள், எனக்குக் கேட்கும். யோகாவுக்குப் போனபிறகு அதுவும் இல்லை. சாம்பாரில் உப்பில்லை என்றால் உப்பு டப்பாவை என் பக்கம் நகர்த்திவைத்துவிட்டுத் தன் பாட்டுக்குச் சாப்பிடுகிறாள். கோபமும் இல்லை. கோபம் இல்லாததுதான் சந்தேகம். ஒரு மனுஷிக்குக் கோபம் எங்கே போகும்?

"இதே எடுத்துக்கறனுங்க" என்றாள் கலாமணி, காப்பிக்கொட்டைக்குள்ளிருந்து. கடைக்காரன் வாயெல்லாம் பல்லாக, "அக்காக்கு சரியான கண்ணு. இது போட்டா பனி பெஞ்சாலும் தெரியாது" என்றான். பனி! அவனுக்கே தெரிந்திருக்கிறது. அந்நியன், இரண்டு நாளில் மூட்டை கட்டிக்கொண்டு போகிறவன், அவனுக்குத் தெரிகிறது, எனக்குத் தெரியவில்லை. நல்லவேளை, பிள்ளைக்கு ஸ்வெட்டர் கேட்டு ஒரு குடும்பம் வந்தது, அவன் அந்தப் பக்கம் போனான். "கலா, இது தோளுக்கு நிக்காது" என்றேன். "தெரியுமுங்க." "பின்னே?" அவள் போர்வையை அவிழ்க்காமலே மேடையில் கிடந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தாள். வியர்வை கழுத்தில் இறங்குகிறது, துடைக்கவில்லை. "கோத்தகிரியில யசோதா டீச்சரோட அக்கா ஒரு யோகா இல்லம் நடத்தறாங்க. பொம்பளைங்களுக்கு மட்டும். கூட இருந்து சொல்லிக்குடுக்க ஆள் வேணும்னாங்க. நான் வர்றேன்னுட்டேன். தோளுக்கு வெக்கறதெல்லாம் அங்கயே அடுக்கி வெச்சிருக்காங்க. ராத்திரிக்குப் போத்திக்கறதுக்குத்தான் அவங்கவங்க கொண்டாரோணுமாம்." எவ்வளவு நாளைக்கு என்றேன். "மொதல்ல ஒரு வருசம்." முதலில் என்றால்? முதலில் என்ற வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பார்க்கத் தோன்றியது, பயமாக இருந்தது, புரட்டவில்லை. "யோகா வகுப்புக்குக் கம்பளின்னு சொன்ன." "யோகாவுக்குத்தானுங்க போறேன்." பொய் இல்லை. ஒரு நூல்கூடப் பொய் இல்லை, அதுதான் எரிச்சல். "எங்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது, ஸ்வெட்டர் குடும்பம் திரும்பிப் பார்த்தது. அவள் குரல் உயரவில்லை. "சொன்னா அதுல ஒரு குறை கண்டுபிடிப்பீங்க. நீங்க சொன்னா எனக்கும் அது குறையாத் தெரிஞ்சுரும். எத்தனை தடவை பார்த்தாச்சு. அதான் எல்லாம் முடிவானதுக்கு அப்பறம் சொல்லலாம்னு இருந்தேன்."

வேறு யார் அங்கே என்றேன். யார் கூப்பிட்டது, யாரோடு போகிறாய், யார் கூட இருப்பார்கள். நாக்கு தானாகக் கேட்கிறது, நான் அதைப் பிடித்து இழுக்கிறேன், நிற்கமாட்டேன் என்கிறது. "யாரு கூடவும் இல்லீங்க. தனியாத்தான்" என்றாள். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நெசமாத்தான்" என்று சேர்த்துக்கொண்டாள். நம்பினேன். வாழ்க்கையில் ஒரு வார்த்தையை இத்தனை சுலபமாக நான் நம்பியதில்லை. ஒருத்தன் இருந்திருந்தால் நல்லது. ஒருத்தன் இருந்தால் அவனைப் பார்த்துவிட்டு வரலாம், அவன் தொந்தியைச் சொல்லலாம், அவன் பேங்க்கைச் சொல்லலாம், இதுக்காடி போன என்று கேட்கலாம். தனியாக இருப்பதில் எங்கே விரலை வைப்பது? என்னைவிட ஒருத்தன் மேல் என்று அவள் போகவில்லை. நான் இல்லாத ஒரு அறை மேல் என்று போகிறாள். அறையும் குளிரும் ஒரு தடிக் கம்பளியும் போதுமாம். யார் சமைப்பது, யார் கதவைப் பூட்டுவது, இந்த மாதிரியெல்லாம் மனசு உடனே கேட்டது, அதுவல்ல விஷயம் என்று அதற்கே தெரியும். இனிமேல் யாரும் எனக்குச் சரிங்க என்று சொல்லமாட்டார்கள். ராத்திரி விளக்கை அணைத்தபின் அடுத்த கட்டிலில் வளையல் உரசும் சத்தம் ஒன்று வரும், அது வந்தபிறகுதான் எனக்குத் தூக்கம் வரும், இதை நான் அவளிடம் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே தோன்றியதில்லை. இப்போது சொல்லலாமா? பிளாஸ்டிக் நாற்காலிமுன் நின்றுகொண்டு, அப்பளக் கடை மைக்கில் பாக்கெட் விலை கத்திக்கொண்டிருக்கும்போது, வளையல் பற்றிச் சொல்வதா? போகாதே என்று சொல்லலாம். மூன்றெழுத்தோ நாலெழுத்தோ, அவ்வளவுதான். வாய்வரை வந்தது. வாயைத் திறந்தேன். "இந்த நெறம் அழுக்கு தெரியாது" என்றேன்.

கலாமணி எழுந்தாள். போர்வையைக் கழற்றினாள், உதறினாள், என் முன்னால் இருந்த மேசைமேல் விரித்தாள், மேலே குழல்விளக்கு இருக்கும் பக்கமாக இழுத்துவிட்டாள். "பாத்துச் சொல்லுங்க" என்றாள். என்ன என்றேன். "நீங்கதான பாப்பீங்க. பாத்துச் சொல்லுங்க, நல்லாருக்குதான்னு. ஒரு வருசம் போத்தோணும்." கிண்டலோ என்று பார்த்தேன். இல்லை. இத்தனை வருஷத்தில் அவளாகக் கேட்டது இதுதான் முதல் தடவை. நான் கேட்காமலே சொல்கிறவன், அவள் கேட்க இடமே விட்டதில்லை. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டேன். ஒரு மூலையிலிருந்து ஆரம்பித்தேன், உள்ளங்கையால் நீவிக்கொண்டே, பாவு நூல் வழியாகக் கீழே, ஊடை வழியாகக் குறுக்கே. ஒரு இழை அறுந்திருந்தால் போதும், ஒரு முடிச்சு, ஒரு எண்ணெய்ப் பொட்டு. இருக்கும், எல்லாத் துணியிலும் இருக்கும், கண்டுபிடிக்காதவன்தான் நல்ல துணி என்பான். கண்டுபிடித்தால் இது வேண்டாம் என்பேன், வேறு இல்லை என்பான் கடைக்காரன், கண்காட்சி நாளையோடு முடிகிறது, கம்பளி இல்லாமல் கோத்தகிரிக்கு எப்படிப் போவாள், தள்ளிப்போகும், ஒரு மாதம் தள்ளிப்போனால் மனசு மாறலாம். புரட்டிப் போட்டேன். பின்பக்கம் பார்த்தேன். விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து, அவளும் கம்பளியும் நானும் வியர்த்து வழிய, மறுபடியும் முதலிலிருந்து பார்த்தேன். எவனோ ஒருத்தன் எங்கோ ஒரு மலையில் உட்கார்ந்து குறையே இல்லாமல் நெய்து வைத்திருக்கிறான் பாவி. என் கைவழியே லட்சக்கணக்கான கஜம் ஓடியிருக்கிறது, நல்ல துணியை ஒருநாளும் நான் கழித்ததில்லை. எத்தனையோ பேர் அதிகாரத்துக்காகச் செய்வார்கள், நான் செய்ததில்லை, அது நெய்தவன் வயிற்றில் அடிப்பது. நடுவில் ஒரு இடத்தில் விரலை ஊன்றினேன். "இங்க ஊடை விட்டிருக்குது" என்றேன். "எங்கீங்க?" "இங்கதான். ரெண்டு குளிரு தாங்காது. பிரிஞ்சிரும். வேண்டாம் கலா." விரலை எடுக்கவில்லை. இன்னும் அழுத்தி ஊன்றினேன். அவள் குனிந்து பார்த்தாள். செக்கரோடு குடித்தனம் செய்தவள், நூல் எது ஓட்டை எது என்று அவளுக்கும் தெரியும். வெகுநேரம் பார்த்தாள். கம்பளியையா என் விரலையா என்று தெரியவில்லை. பிறகு நிமிர்ந்து, என் விரலை மெல்ல எடுத்து ஓரமாக வைத்தாள், சின்னப் பிள்ளையின் கையை நகர்த்துவதுபோல. "இருந்தா இருக்கட்டுமுங்க" என்றாள். "நான் குறையோடயே எடுத்துக்கறேன்." கடைக்காரனைக் கூப்பிட்டு, பை பெரியதாக இருக்கிறதா என்று கேட்டாள்.